புலாய் மலைக்குத் தமிழ் தெரியுமா?

தமிழ்ப்பள்ளியில் படித்த நாம் எல்லாரும் குறைந்தது ஐந்து நீர்வீழ்ச்சிகளுக்காவது சென்று வந்தவர்கள். கட்டுரையில்தான். கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டிருப்பான். பறவைகள் கீச்சிடும். நீர் சலசலவென ஓடும். தென்றல் மேனியைத் தழுவும். இறுதிப் பத்தியில் அனைவரும் மகிழ்ச்சிக் கடலில் மூழ்கி, மாலை ஆறு மணிக்குப் பத்திரமாக வீடு திரும்புவோம். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நிறுத்தப்படும் வரை இந்த நீர்வீழ்ச்சி ஆண்டுதோறும் நம் விடைத்தாள்களில் விழுந்துகொண்டே இருந்தது. இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்புகளில் இன்னும் விழுகிறது.

கீச்சிட்டது என்ன பறவை? பாறையருகே நின்றது என்ன மரம்? ஆசிரியரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அந்த வருணனையைப் பேராக்கிலும் ஒட்டலாம், பகாங்கிலும் ஒட்டலாம், குற்றாலத்திலும் ஒட்டலாம். மதிப்பெண் கிடைத்தது. ஆனால், அந்தக் கட்டுரையை எழுதிய மாணவர் பல்கலைக்கழகத்துக்கு வந்து, தமிழ் மொழிக் கழகத்தில் சேர்ந்து, மேடையேறி, 'குறிஞ்சி என்பது மலையும் மலை சார்ந்த இடமும்' என்று முழங்கும்போதும் அதே நிலைதான் தொடர்கிறது. மலை எங்கே இருக்கிறது என்று கேட்டால் தமிழ்நாட்டைக் காட்டுகிறோம். ஸ்கூடாயிலிருந்து பார்த்தாலே தெரிகிற மலையைக் காட்டுவதில்லை.

அந்த மலையைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் செல்லும் சாலையில் மேற்கே போனால் பெக்கான் நானாஸ் வரும். பெயரிலேயே அன்னாசி உள்ள ஊர். அன்னாசிக்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. இலைதழை மக்கிச் சேர்ந்த கறுப்பு மண்ணில், அதாவது மலாயில் 'தானா கம்புட்' எனப்படும் புளிப்பு மண்ணில், வேறு பல பயிர்கள் திணறும்; அன்னாசி தாக்குப்பிடிக்கும். பொந்தியான் வட்டாரத்தில் அது வேரூன்றிய காரணம் இதுதான். ஒரு சிறு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலாய்க்காரரின் 'நானாஸ்', நம்முடைய 'அன்னாசி' இரண்டும் போர்த்துக்கீசியர் வழியாகத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரே சொல். பழமும் பெயரும் ஒரே கப்பலில் வந்து, இரண்டு மொழிகளில் இறங்கியிருக்கின்றன.

ஊருக்கு வடக்கே நிற்பது குனோங் புலாய். உயரம் 654 மீட்டர். தகான் மலையோடு ஒப்பிட்டால் இது மேடு. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் இருப்பதால் மேலே வரை தார்ச்சாலை போடப்பட்டுள்ளது. அடிவாரத்தில் ஆறு, சிறு அருவிகள், வேர்கள் படிக்கட்டாக அமைந்த ஆற்றோரப் பாதை. உச்சி வரை போகத்தான் வேண்டும் என்பதில்லை. ஆற்றோரமாக நடந்து, பிறகு சாலையில் ஏறி, மரங்கள் விலகுகிற ஒரு வளைவில் நின்றாலே போதும். கீழே செம்பனை வரிசைகள், அப்பால் தட்டையான கரையோர நிலம், வானம் தெளிவாக இருந்தால் தெற்கே நீரிணைப் பக்கம் வரை பார்வை செல்லும். உடற்பயிற்சியே செய்யாத என் போன்றவர்களுக்கும் கைக்கெட்டும் நடை.

இந்த நடையை நம் கழகத்தின் ஆண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. உல்லாசப் பயணமாக அல்ல. பட்டிமன்றம், கவிதைப் போட்டி, முத்தமிழ் விழா ஆகியவற்றோடு சம இருக்கையில் அமரும் ஒரு தமிழ் நிகழ்ச்சியாக. 'தமிழ்க் கழகத்துக்கும் காட்டுக்கும் என்ன தொடர்பு? மலையேறும் சங்கம் தனியாக இருக்கிறதே' என்று செயற்குழுவில் உள்ள நண்பர்களே கேட்கிறார்கள். அவர்களுக்குக் கபிலரைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டை, ஆரிய அரசன் பிரகத்தன் என்பவனுக்குத் தமிழை அறிவிப்பதற்காகக் கபிலர் பாடினார் என்பது மரபுவழிச் செய்தி. வேற்றுமொழிக்காரன் ஒருவனுக்குத் தமிழ் என்றால் என்ன என்று காட்ட வேண்டும். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? உயிரெழுத்து பன்னிரண்டு, மெய்யெழுத்து பதினெட்டு என்று தொடங்கியிருப்போம். அல்லது தமிழ் எவ்வளவு தொன்மையானது என்று ஒரு மணி நேரம் பேசியிருப்போம். கபிலரோ அவனை மலைச்சாரலுக்கு அழைத்துச் செல்கிறார். பெண்கள் அருவியில் ஆடுகிறார்கள், பூப்பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். அந்தப் பூக்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தொண்ணூற்றொன்பது பூக்கள் என்று எண்ணிச் சொல்வார்கள். இந்த எண்ணிக்கையை நாம் வினாவிடைப் போட்டியில் கேட்கிறோம். சரியாகச் சொன்னவருக்குப் பரிசும் கொடுக்கிறோம். அந்தத் தொண்ணூற்றொன்பதில் ஒரு பூவைக் கையில் கொடுத்து 'இது என்ன?' என்று கேட்டால் பரிசு பெற்றவரும் விழிப்பார், பரிசு கொடுத்தவரும் விழிப்பார். நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

'அவை தமிழ்நாட்டுப் பூக்கள், இங்கே எப்படி இருக்கும்?' என்ற பதில் வரும். இங்கேதான் செய்தி சுவையாகிறது.

'புலாய்' என்பது மலாயில் ஒரு மரத்தின் பெயர். மலையும் ஆறும் அதே பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன. தாவரவியலார் அதன் இனத்தை அல்ஸ்டோனியா என்பர். அந்த இனத்தின் பெயர்பெற்ற மரமான அல்ஸ்டோனியா ஸ்காலரிஸுக்குத் தமிழில் பெயர் உண்டு: ஏழிலைப்பாலை. ஒரு கணுவைச் சுற்றிக் குடை விரித்தாற்போல் பெரும்பாலும் ஏழு இலைகள் நிற்கும். கிள்ளினால் பால் வடியும். பெயரே படம் வரைந்து காட்டிவிடுகிறது. கேரளத்தில் யட்சி குடியிருக்கும் மரம் என்று சொல்லி அதனருகே இரவில் போகப் பயப்படுவார்கள். ஆனால், 'ஸ்காலரிஸ்' என்ற அடைமொழி பேயால் வரவில்லை, பள்ளிக்கூடத்தால் வந்தது. இந்த மரத்தின் பலகையைத்தான் மாணவர்களுக்கு எழுதுபலகையாகச் செய்தார்கள். பாலை, புலாய் என்று ஒலி ஒத்திருப்பதை வைத்துக்கொண்டு மலாய்க்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று யாரும் தயவுசெய்து மேடையேறிவிட வேண்டாம். அப்படிப்பட்ட ஆராய்ச்சிகள் நம்மிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் உள்ளன. மரத்துக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரோடு போய் அதைப் பார்க்கலாம். அவ்வளவே போதும்.

பல்கலைக்கழகச் சாலையோரங்களில் அங்சானா மரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டில் சில நாள்கள் ஒரே நேரத்தில் பூத்து, மறுநாளே உதிர்ந்து, கார் நிறுத்துமிடத்தை மஞ்சளாக்கும். அது வேங்கை மரத்தின் உடன்பிறப்பு. இரண்டும் தெரோகார்ப்பஸ் என்னும் ஒரே இனம். குறிஞ்சித் திணைக்குரிய மரமாக நாம் மனப்பாடம் செய்த அதே வேங்கை. அதன் மஞ்சள் பூக்கள் கறுத்த பாறைமேல் உதிர்ந்து கிடப்பதைப் புலி என்று எண்ணி யானை மிரளும் என்று பழம்புலவர்கள் பாடியதை விரிவுரை மண்டபத்தில் படித்துவிட்டு, அதே மஞ்சள் பூவைக் காலால் மிதித்துக்கொண்டு உணவகத்துக்குப் போகிறோம்.

மலையிலிருந்து இறங்கி ஆற்றைப் பின்தொடர்ந்தால் இன்னும் வியப்பு. புலாய் ஆறு தெற்கே ஓடி ஜொகூர் நீரிணையின் மேற்கு முனையருகே கடலைச் சேர்கிறது. அதன் கழிமுகத்தில் உள்ள சதுப்புநிலக் காடு 9,126 ஹெக்டர். 2003-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த மரங்களை நாம் 'பக்காவ்' என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். 'கண்டல்' என்ற சங்கச் சொல் நமக்கு இருக்கிறது. நம் நாட்டுச் சதுப்புக் காடுகளில் வளரும் ஒரு மரத்தை மலாய்க்காரர்கள் 'பூத்தா-பூத்தா' என்பார்கள். பூத்தா என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும். அந்த மரம் வேறெதுவும் இல்லை, தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம். பக்தியோடு நாம் உச்சரிக்கும் சொல்லும், மலாய் மீனவர் அஞ்சி ஒதுங்கும் மரமும் ஒன்றே. குறிஞ்சியிலிருந்து நெய்தல் வரை ஒரே நாளில் காரில் போய்வரக்கூடிய வட்டாரம் இது. இதை விட்டுவிட்டு ஐந்திணைக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மரத்தின் பெயர்கள் மட்டும் அல்ல. சாதாரணச் சொற்களுக்கும் அங்கே போனால்தான் உயிர் வருகிறது. 'நீர்வீழ்ச்சி' என்று எழுதிப் பழகிவிட்டோம். அது பிறமொழிச் சொல்லைப் பார்த்துத் தைத்த சட்டை. 'அருவி' என்பது நம் சொல். 'சாரல்' என்ற சொல்லுக்கு அகராதியில் இரண்டு பொருள்: மலைச்சரிவு, காற்றில் சாய்ந்து வரும் தூறல். தேர்வுக்குப் படித்தபோது ஒரே சொல்லுக்கு ஏன் இப்படித் தொடர்பில்லாத இரண்டு பொருள் என்று தோன்றியது. புலாய் மலைச்சரிவில் ஒரு பிற்பகல் நின்றேன். சரிவும் தூறலும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. அகராதி சொல்லாததை முகத்தில் அடித்த தண்ணீர் சொல்லியது. 'மடு' என்றால் காளிங்கன் இருந்த இடம் என்று மட்டும் நினைத்திருந்தேன். ஆற்றில் திடீரென நிறம் கறுத்து ஆழமாகும் இடத்தை மலாய் நண்பர் 'லூபோக்' என்று காட்டியபோதுதான் மடு என்ன என்று புரிந்தது. நம் மொழிச் சொல்லின் பொருளை மலாய் நண்பர் விளக்க வேண்டியிருக்கிறது.

'காட்டாறு' இன்னொரு சொல். 'காட்டாற்று வெள்ளமெனப் பேசினார்' என்று நம் செய்தி அறிக்கைகளில் ஆண்டுக்குப் பத்து முறையாவது வரும். உண்மையான காட்டாறு எப்படி இருக்கும் என்பதற்கு இந்த மலையே சாட்சி. 2001-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் வாமெய் என்னும் வெப்பமண்டலப் புயல் ஜொகூரின் தென்கிழக்கே கரையைக் கடந்தது. நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 1.5 பாகை தொலைவில் உருவான புயல் அது. இவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்றுதான் அதுவரை பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த மழையில் குனோங் புலாயில் நிலம் சரிந்து, சேறும் மரங்களும் ஆற்றோடு இறங்கி, நான்கு வீடுகளை அடித்துச் சென்றன. ஐந்து பேர் உயிரிழந்தனர். பொழுதுபோக்குக் காடு பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 2021 ஆகஸ்டில் கெடாவில் குனோங் ஜெராய் அடிவாரத்தில் திடீரென இறங்கிய நீர்ப்பெருக்கும் உயிர்களைக் கொண்டுபோனது. 'எளிய நடை' என்று நான் மேலே சொன்னது வெயில் நாளுக்கு மட்டும் பொருந்தும். நாம் நிற்கும் இடத்தில் வெயிலாகவே இருந்தாலும் மலையுச்சியில் மழை பெய்தால், தெளிந்த நீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கும். அப்போது படம் எடுத்துக்கொண்டு நிற்கக் கூடாது, மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். காட்டாறு என்று பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நமக்கு அது பேச்சாளரைப் பாராட்டும் உவமையாக மட்டும் எஞ்சியிருக்கிறது.

இந்தக் காடு ஏன் இன்னும் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சுற்றுமுற்றும் எல்லாம் ரப்பராகவும் அன்னாசியாகவும் பிறகு செம்பனையாகவும் மாறிய காலத்தில் இந்த மலை தப்பியதற்குப் பெரிய காரணம் தண்ணீர். 1927-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் ஜொகூர் சுல்தானுக்கும் சிங்கப்பூர் நகராண்மை ஆணையர்களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. குனோங் புலாயில் 2,100 ஏக்கர் நிலத்திலிருந்து சிங்கப்பூர் தண்ணீர் எடுத்துக்கொள்ள அது வழிவிட்டது. பிறகு 1961 ஒப்பந்தம் வந்தது. அது 2011 ஆகஸ்டில் முடிந்து, நீர்நிலையங்கள் ஜொகூர் வசம் திரும்பின. நீர்ப்பிடிப்புக்காக மரங்களை விட்டுவைத்தார்கள். மரம் மழையைப் பிடித்து, மண் அதை மெல்ல மெல்ல ஆற்றுக்கு விட்டுக்கொடுக்கும் என்று கணக்குப் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. அழகுக்காக யாரும் காப்பாற்றவில்லை. இன்று நாம் நிழலில் நடப்பது அந்தக் கணக்கின் புண்ணியம்.

இப்போது நம் சமூகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேடைகளில் காடு நமக்கு எப்படி வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? 'காடாய்க் கிடந்த இந்நாட்டை நம் முன்னோர் வெட்டித் திருத்தி வளமாக்கினர்' என்றுதான் வரும். உண்மைதான். பாம்புக்கடியிலும் மலேரியாவிலும் மாண்டவர்களின் கணக்கு இன்னும் நமக்குக் கடன். ஆனால், நம் பேச்சில் காடு எப்போதும் தோற்கடிக்கப்பட்ட எதிரியாகவே நிற்கிறது. வெட்டுவதற்கு முன் அந்தப் பச்சைக்காட்டில் என்ன இருந்தது, வெட்டியவர்கள் அதில் எதைத் தின்றார்கள், எதை மருந்தாக்கினார்கள், எதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று நாம் கேட்கவே இல்லை.

கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். கடந்த ஆண்டு பிப்ரவரியில் நாங்கள் ஆறு பேர் புலாய் அடிவாரத்துக்குப் போனபோது தோழி ஒருத்தியின் பாட்டியும் உடன் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர். இப்போது தாமானில் மகன் வீட்டில் தொலைக்காட்சித் தொடரோடு இருக்கிறார். மேலே ஏறவில்லை. ஆற்றோரப் பாதையில் கால் மணி நேரம் நடந்தார். அந்தக் கால் மணி நேரத்தில் நாங்கள் மூன்றாண்டுகளில் கற்காததைக் கற்றோம்.

"இந்தா, இது பெரணி. இந்தச் சுருண்ட கொழுந்தத்தான் பாசாவுல பாக்கு பாக்குன்னு விப்பான். நாங்க காசு குடுத்து வாங்குனதே இல்ல. வெளிக்காட்டு வேலைக்குப் போயி வர்றப்ப முந்தானையில அள்ளிட்டு வந்துருவோம்."

"சாப்பிட நல்லாயிருக்குமா பாட்டி?"

"நெத்திலி போட்டுச் செஞ்சு பாரு, அப்புறம் கேளு."

ஊதாப் பூ பூத்த ஒரு புதரைக் காட்டி, அதன் பழத்தைத் தின்றால் வாய் கறுத்துவிடும் என்றார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் காட்டில் சுற்றினார்களா என்று அறிய நாக்கை நீட்டச் சொல்வாராம். மலாய்க்காரர்கள் செண்டுடோக் என்று சொல்லும் செடி அது. விடுதிக்கு வந்து தேடிப் பார்த்தேன். அதன் தாவரவியல் பெயர் மெலஸ்டோமா. கிரேக்க மொழியில் அதற்குக் 'கறுத்த வாய்' என்று பொருள். பாட்டியும் ஐரோப்பிய அறிஞரும் ஒரே இடத்தைப் பார்த்திருக்கிறார்கள். அட்டை கடித்த தோழியின் காலில் பாட்டி தம் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவினார், அட்டை சுருண்டு விழுந்தது. அதுவரை வெற்றிலைப் பையைப் பழமையின் சின்னமாகப் பார்த்த நாங்கள் அன்று முதல் முதலுதவிப் பெட்டியாகப் பார்க்கிறோம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இந்தச் சொற்கள் ஓலைச்சுவடியில் இல்லை, இணையத்திலும் இல்லை. எழுபதைக் கடந்த இந்தப் பாட்டிகளிடமும் தாத்தாக்களிடமும் இருக்கின்றன. சங்கச் சொற்களாவது அச்சில் ஏறிவிட்டன, உ.வே.சாமிநாதையருக்கு நன்றி. அவர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்திராவிட்டால் கபிலரின் தொண்ணூற்றொன்பது பூக்கள் நமக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்? தோட்டத்துச் சொற்களுக்கு அப்படி ஒருவர் வரவில்லை. நாம் அவராக வேண்டும் என்று பெரிய பேச்சுப் பேசவில்லை. கைப்பேசியில் ஒலிப்பதிவு பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும்.

காட்டுக்கென்று சொற்களைத் தனியே வைத்துக்கொண்டவர்கள் இதே ஜொகூரில் இருந்தார்கள். ஓராங் அஸ்லி மக்களில் ஒரு பிரிவினரான ஜாக்குன் மக்கள் கற்பூரம் தேடிக் காட்டுக்குள் போகும்போது அன்றாடப் பேச்சைப் பேசமாட்டார்கள். அதற்கென்றே ஒரு மொழி வைத்திருந்தார்கள். ஊர்ப் பேச்சைப் பேசினால் கற்பூரம் ஒளிந்துகொள்ளும் என்பது நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆய்வாளர்கள் இதைக் குறித்து வைத்தனர். நாம் கோயிலில் ஏற்றிய கற்பூரத்தின் பின்னால் அப்படி ஒரு மொழி இருந்தது. சுமத்ராவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நம் வணிகர்கள் அங்கே போனதும் இத்தகைய காட்டுப் பொருள்களுக்காகத்தான். ஆக, இந்த மண்ணின் காடும் தமிழும் ஒன்றுக்கொன்று புதியவை அல்ல. இடையில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது.

எதிர்ப்புகளை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. பெற்றோர் பெண் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பமாட்டார்கள் என்பது முதல் எதிர்ப்பு. அது நியாயமான அச்சம். அதனால்தான் உச்சியை இலக்காக வைக்க வேண்டாம் என்கிறேன். பெற்றோரையும் பாட்டிமாரையும் சேர்த்தே அழைக்க வேண்டும் என்கிறேன். அம்மா கூடவே வந்தால் அனுமதிக் கடிதம் எதற்கு? 'எல்லா மரத்துக்கும் மலாயில் பெயர் இருக்கும்போது தமிழில் எதற்கு?' என்று ஒரு நண்பர் கேட்டார். மலாய்ப் பெயர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. மெராந்தி மெராந்தியாகவே இருக்கட்டும், அதற்குச் செந்தமிழில் பதினான்கு எழுத்தில் ஒரு பெயர் கட்டி யாரும் பயன்படுத்தாமல் சாகடிக்க வேண்டாம். ஆனால், அந்த மெராந்தி நம் குங்கிலிய மரத்தின் குடும்பம் என்று அறிந்தவருக்கு, குங்கிலியக்கலய நாயனார் கதை வேறு மாதிரி மணக்கும். இரண்டு பெயரும் தெரிந்தவர் ஒரு பெயர் மட்டும் தெரிந்தவரைவிட ஏழை அல்லர்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறோர் ஆபத்து. அருவிக்கரை என்றதும் நம்மவர் சிலர் ஒலிபெருக்கியையும் புட்டிகளையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் எந்த ஆற்றங்கரைக்கும் போய்ப் பாருங்கள். எந்தக் கூட்டம் எதை விட்டுச் சென்றது என்று குப்பையே மொழி பேசும். எல்லா இனத்தாரும் போடுகிறார்கள் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு மேல் போனால் அது நடை அல்ல, ஊர்வலம். எனவே சிறு குழுக்களாகப் போவதே சரி.

எப்போது, எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை ஓயும் வரை, அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை, வேண்டாம். பிப்ரவரி நடுவில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை. வனத்துறை அலுவலகத்தில் நுழைவு விதிகளையும் அனுமதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் ஏழெட்டு மாணவர், தோட்டத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவர், காடு தெரிந்த வழிகாட்டி ஒருவர். வழிகாட்டி மலாய்க்காரராகவோ ஓராங் அஸ்லியாகவோ இருந்தால் இன்னும் நல்லது. முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டுதோறும் விருந்துக்கு நன்கொடை தருகிறீர்கள், நன்றி. இந்த முறை உங்கள் காரையும் உங்கள் அம்மாவையும் கொடுங்கள். திரும்பி வந்ததும் குழுவுக்குப் பத்துச் சொல், படத்தோடு. தமிழ்ப் பெயர் இருந்தால் தமிழ்ப் பெயர், தோட்டத்துப் பெயர் இருந்தால் அது, மலாய்ப் பெயர் எப்போதும். அதை அடுத்த ஆண்டு மலரில், பொறுப்பாளர்களின் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் நான்கைக் குறைத்து, அச்சிடலாம்.

அந்தப் பட்டியலில் முதல் பெயர் ஏழிலைப்பாலையாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. புலாய் மலையில் அந்த மரத்தை நான் இன்னும் அடையாளம் காணவில்லை. பிப்ரவரியில் இன்னும் சில சோடிக் கண்கள் சேர்ந்தால் கண்டுபிடித்துவிடலாம். பாட்டி மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நெத்திலிக்குச் சொல்லி வைக்கச் சொன்னார்.